ஙீயோ என்றால் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

தியேட்டர் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்ன காவலாளி, உள்ளே கிடந்த தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தார். மஞ்சள் மூடி. அதில் ஓர் உறிஞ்சுகுழல். பக்கத்தில் பாதி உரிந்துபோன யானை ஸ்டிக்கர்.

"குழந்தை எங்கம்மா?"

"வீட்ல."

"அப்போ இது?"

பெரியவளும் அதை அப்போதுதான் பார்த்தாள். கை தானாக எடுத்துப் போட்டிருக்கிறது. காவலாளி அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பாட்டிலைப் பைக்குள் வைத்து, "சரி, போங்க" என்றார்.

மகள் கடுகின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் சரியில்லை. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டார்கள், உள்ளேயிருந்து என்னென்ன திட்டினார்கள் என்று ஒரு கதையோடுதான் வாசலில் செருப்பைக் கழற்றுவார். இப்போதெல்லாம் செருப்பை மட்டும் கழற்றுகிறார்.

டாக்டர் சொன்னது இதுதான். ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால்தான் ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லையா? தெரியாது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? அதுவும் தெரியாது. அப்பா அம்மா ரத்தத்தையும் பார்த்தால் ஒருவேளை கொஞ்சம் புரியலாம்.

அந்த 'ஒருவேளை'யையும் 'கொஞ்ச'த்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும். யார் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்று டாக்டர் சொல்லவில்லை.

இந்த நிலைமையில் சினிமாவா என்றால், தங்கைக்காக.

சின்னவள் படங்களுக்குக் குரல் கொடுக்கிறவள். இதுவரை கூட்டத்தில் ஒரு "ஐயோ", போனில் ஒரு "ராங் நம்பர்", இவ்வளவுதான் அவள் படங்களில் பேசியது. இப்போதுதான் முதல்முறையாக முழுப் படத்துக்கும் ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. வாய் ஓயாததால் சின்ன வயதிலேயே 'வானொலி' என்று பெயர் வாங்கியவளுக்கு, பேச்சே வராத பாத்திரம்.

"என்ன வானொலி, நிலையத்தையே மூடிட்டாங்களா?" என்று கணவர் கேட்டார். பரிசோதனை முடிவுக்குப் பிறகு அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். அதற்காகவே பெரியவள் படத்துக்கு வர ஒப்புக்கொண்டாள். கடுகைப் பார்த்துக்கொள்ள அவர் லீவு போட்டார்.

வானொலி உள்ளே காத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"ட்ரெய்லர் பாக்கலதானே?"

"நீதானே பாக்கக் கூடாதுன்ன? உங்க மாமாகூட போனைத் தள்ளி வெச்சுட்டார்."

"நேத்துலேர்ந்து அதான் எல்லார் போன்லயும் ஓடுது. ஆனா நீ நேரா தியேட்டர்லதான் கேக்கணும்."

"பயமா இருக்குமாடி?"

வானொலி பதில் சொல்லாமல் இருக்கை எண்ணைத் தேடினாள். அவள் பதில் சொல்லாமல் இருந்தது பெரியவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

படம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆரம்பித்தது. குழந்தையைப் பறிகொடுத்த விஞ்ஞானி ஒருத்தி, தானே ஒரு குழந்தையைச் செய்துகொள்கிறாள். கொஞ்சம் மனுஷி, கொஞ்சம் பல்லி, கொஞ்சம் ஆழ்கடலில் இருக்கும் ஏதோ ஒன்று. நீல வெளிச்சத்தில் மரபணுவை வெட்டினாள், ஒட்டினாள். இந்த எழுத்து கண்ணுக்கு, இந்த எழுத்து கோபத்துக்கு, இது காயம் ஆறுவதற்கு என்று உதவியாளனுக்கு விளக்கினாள்.

பெரியவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். விஞ்ஞானியின் மூக்குக்கண்ணாடிக்குப் பவர் இல்லை என்பதுதான் அவள் கண்ணில் முதலில் பட்டது. பவர் இருந்தால் முகத்தின் ஓரம் கண்ணாடிக்குள் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ விலகித் தெரியும். இவளுக்கு அப்படியே நேராக இருந்தது. எவ்வளவு சுலபமாக எல்லா எழுத்துக்கும் அர்த்தம் தெரிந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். நம் டாக்டர் பாவம்.

பிறகு ஒரு நீண்ட நடைபாதை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஙீயோ."

முடிவில் லேசாகத் தாழ்ந்தது.

பெரியவளின் கை பைக்குள் போனது. பாட்டிலை எடுத்தது, மஞ்சள் மூடியைத் திறந்தது, இருட்டில் நீட்டியது. எல்லாம் முடிந்த பிறகுதான், எதற்கு நீட்டினோம் என்று அவளுக்கு யோசனை வந்தது.

பக்கத்து இருக்கைப் பையன் திடுக்கிட்டுப் பார்த்தான். "பரவால்லக்கா, எங்கிட்ட ஜூஸ் இருக்கு."

அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திருப்பிப் போட வரவில்லை.

கடுகுக்குத் தெரிந்த ஒரே சொல் ஙீயோ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் தாண்டிக்கொண்டு ஓடுகிற ங என்ற எழுத்தில் போய் இவள் வீடு கட்டியிருக்கிறாள் என்று வானொலி சொல்வாள். முடிவில் தாழ்ந்தால் தண்ணீர். நடுவில் இழுத்தால் தூக்கம். மேலே ஏறி நின்றால், அங்கே பார். வீட்டுக்கு வெளியே ஓர் உயிருக்கும் இது தெரியாது.

திரையில் உதவியாளன் கேட்டான்: "அது என்ன சொல்லுது?"

விஞ்ஞானி சொன்னாள்: "ஒண்ணும் சொல்லல. வெறும் சத்தம்."

'தண்ணி கேக்கறா' என்று பெரியவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது.

கதவு உடைந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள். ஈரமான முடி, இமையில்லாத கண். மறுபடி "ஙீயோ" என்றாள், அதே தாழ்வு. காவலுக்கு நின்றவன் துப்பாக்கியைத் தூக்கினான். அடுத்து நடந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அரங்கமே அலறிக் கண்ணைப் பொத்திக்கொண்டது. அலறல் அடங்கியதும் பின்வரிசையில் ஒருவன் "ஙீயோஓ" என்று இழுத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு வாய் தண்ணி கொடுத்திருந்தால் அவள் பாட்டுக்கு இருந்திருப்பாளே என்றுதான் பெரியவளுக்குத் தோன்றியது. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. வேறு என்னவோ வந்தது, அதற்குப் பெயர் கிடைக்கவில்லை.

திரும்பினாள். வானொலி திரையைப் பார்க்கவே இல்லை. ஆரம்பத்திலிருந்து அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இடைவேளையில் பெரியவள் எழுந்து வெளியே நடந்தாள். வானொலியும் கூடவே வந்தாள். பாப்கார்ன் வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்து "ஙீயோ" என்று பல்லைக் காட்டிக்கொண்டார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பெரியவள் கேட்டாள்.

"அது எப்படி அங்க போச்சு?"

"நான் திட்டம் போட்டுப் பண்ணலக்கா."

"நான் அதைக் கேக்கல. எப்படிப் போச்சு?"

"டைரக்டர் சொன்னாரு, வார்த்தை மாதிரி இருக்கணும், ஆனா எந்த பாஷையாவும் இருக்கக் கூடாதுன்னு. காலையிலேர்ந்து கத்தறேன். நாய், ஆந்தை, கதவு கிறீச்சிடறது, எல்லாம் பண்ணிட்டேன். 'இது மிருகக்காட்சி சாலை, எனக்குக் குழந்தை வேணும்'னாரு. எனக்குத் தொண்டையே போயிடுச்சு. குடிக்க ஏதாவது குடுங்கன்னு கேக்கத்தான் வாயைத் திறந்தேன். அது வந்துடுச்சு."

"தண்ணிக்கா?"

"தண்ணிக்குத்தான்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப்போய் கண்ணில் நீர் வந்தது.

"எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்கக்கா. ஒருத்தர் அழுதாரு."

"இது என் அக்கா பொண்ணோடதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பாங்க. மைக் முன்னாடி நிக்க வெச்சிருப்பாங்க. அதான் சொல்லல."

"சரி. எங்கிட்ட?"

வானொலி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ரிசல்ட் வந்த வாரம் அது. உங்க ரெண்டு பேரையும் பாக்கவே பயமா இருந்துச்சு. இப்ப சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... படமே வந்துடுச்சு."

"அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுடி. அதைக் கொண்டுபோய் ஒரு பிசாசு வாயில வெச்சுட்ட. நாளைக்கு அவ வாயைத் திறந்தா அவளைப் பாத்து என்ன சொல்லுவாங்க?"

"அந்தப் பொண்ணு பிசாசு இல்லக்கா. நீ முழுசாப் பாத்திருந்தா..."

"பாத்தவங்க சிரிச்சாங்களே!"

முன்னிருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"என்னோட வார்த்தையும்தான் அது" என்றாள் வானொலி, மெதுவாக. "வீட்டுக்கு வர்றப்பல்லாம் நான் அவகிட்ட அதுலதானே பேசறேன். நீ ஒரு தடவையாவது அவளுக்கு ஙீயோன்னு பதில் சொல்லியிருக்கியாக்கா?"

சொன்னதில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: அவள் சத்தத்தைத் திருப்பிச் சொல்லாதீங்க, சரியான வார்த்தையைச் சொல்லுங்க. கடுகு ஙீயோ என்றால் பெரியவள் உதட்டைக் காட்டி, "தண்ணி. தண்-ணி" என்பாள். ஒருநாளும் மீறியதில்லை. மாத்திரை கொடுப்பதுபோல, வேளை தவறாமல்.

"சொல்லக் கூடாதுன்னுதானே..."

"தெரியும். நான் குத்தம் சொல்லல."

"பின்ன இதுக்குப் பேர் என்ன?"

வானொலி அக்காவின் பக்கம் திரும்பினாள். "குத்தந்தான். மன்னிச்சுக்கோ."

இரண்டு இருக்கை தள்ளி யாருடைய போனிலோ ட்ரெய்லர் ஓடியது. நீண்ட நடைபாதையின் மௌனம். பிறகு அந்தக் குரல். இருவரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள், திருடிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்போல.

தெருவுக்குள் நுழைந்ததுமே கணவரைப் பார்த்தாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, உதட்டில் விரலை வைத்துக்காட்டினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எத்தனை நாள்!

"சத்தம் போடாம வா. கேளு."

கேட்டைத் தாண்டித் தெருவோரம் நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்களுக்கு நடுவில் ஐந்தாறு பிள்ளைகள். ஒரு சின்னக் குரல் "ஙீயோ!" என்றது. இன்னொன்று "ஙீயோ!" என்றது. அவர்களுக்கு நடுவில், கைகளை இறக்கைபோல விரித்துக்கொண்டு, குதிகாலால் எம்பி எம்பி, "ஙீயோ! ஙீயோ!"

கடுகு.

தெருவில் இறக்கிவிட்டால் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். மற்ற பிள்ளைகள் இருக்கும் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காற்றைக் கூப்பிட்டதுபோல.

"உள்ள உக்காந்து கட்டையை அடுக்கிட்டிருந்தா" என்றார் கணவர். குரல் உடைந்து உடைந்து வந்தது. "வெளிய ஒரு புள்ள ஙீயோன்னு கத்திச்சு. இவ கட்டையைக் கீழ போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா. திரும்பிப் பாத்தாம்மா! நான் எழுந்திருக்கறதுக்குள்ள அவளே தாழ்ப்பாளைத் தூக்கிட்டு வெளிய போயிட்டா. யார் சொல்லிக் குடுத்தா இவங்களுக்கு? ஏம்மா, தெருவே கடுகு பாஷை பேசுது!"

பெரியவள் வாயைத் திறந்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். சொல்லாமலே இருந்துவிடலாமா? இன்று ஒருநாள் மட்டும்?

"மாமா" என்றாள் வானொலி. "அது... படத்துல வர்றது."

"எது படத்துல வர்றது?"

"நான் குரல் குடுத்த பொண்ணு. அவ அப்படித்தான் கத்துவா. பசங்க ட்ரெய்லர்ல கேட்டிருக்காங்க."

"எந்தப் பொண்ணு? அந்தப் பேயா?"

"பேய் இல்ல மாமா. லேப்ல செஞ்ச பொண்ணு. மரபணுவை மாத்தி... அது தப்பாப் போயி..."

சொல்லிக்கொண்டே வந்தவள், தன் காதிலேயே அது விழுந்ததும் நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் சொல்லக்கூடாத வரிசையில் சொற்கள் வந்து நின்றுவிட்டன.

கணவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு முகத்திலிருந்து முழுசாகப் போகவில்லை; போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

"அப்போ இவங்க இவளோட விளையாடறாங்களா? இல்ல, இவளை வெச்சு விளையாடறாங்களா?"



பெரியவள் உற்றுப் பார்த்தாள். கடையில் கண் பரிசோதிக்கும்போது லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பாள். ஒரு கட்டத்துக்குமேல் வந்தவர்களுக்கே குழம்பிவிடும். ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கு என்பார்கள். எரிச்சலாக இருக்கும் அவளுக்கு. இப்போது அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி கடுகிடம் குனிந்து, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். கேலியா? கடுகு சொன்னாள். எல்லாரும் கைதட்டிக் கூவினார்கள். சந்தோஷமா? ஒருவன் நாக்கைத் தொங்கவிட்டுக் கண்ணை உருட்டிக் காட்டினான். கடுகு அவன் நாக்கைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். அவன் காட்டினான், நன்றாகவே. "டேய், இவளுக்கு நம்மளவிட சூப்பரா வருதுடா" என்றது ஒரு குரல்.

இது தெளிவா, இது தெளிவா?

"அக்கா, மேல பாரு" என்றாள் வானொலி.

எதிர்வீட்டு மாடியில் கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். கையில் போன். போனின் முகம் கடுகைப் பார்த்து இருந்தது.

போதும். எதுவாக இருந்தாலும் போதும். உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெரியவள் கேட்டைத் தாண்டி நடந்தாள்.

"கடுகு!"

குழந்தை திரும்பவில்லை.

"கடுகு, வா. வீட்டுக்குப் போலாம். வீ-டு."

பிள்ளைகள்தான் திரும்பினார்கள். அம்மா ஒருத்தி வந்து நின்றதும் முகங்கள் மங்கின. ரெட்டைச் சடைக்காரி கடுகின் தோளிலிருந்து கையை எடுத்தாள். சத்தம் நின்றுபோனது. கடுகு விரித்த கைகளோடு நடுவில் நின்று, எங்கே போயிற்று அது என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பிறகு கைகளை இறக்கினாள். சுவரைத் தேடித் திரும்பினாள்.

"ஙீயோ" என்றாள் பெரியவள்.

அது அவள் தொண்டையிலிருந்து முதல்முறையாக வந்தது. கரகரப்பாக, தப்பான இடத்தில் உடைந்து, முடிவில் தாழ்ந்ததா ஏறியதா என்று அவளுக்கே தெரியாமல் வந்தது. தண்ணீரா, தூக்கமா, அங்கே பாரா? என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது.

பிள்ளைகளில் ஒருவன் கத்தினான்.

"ஐயையோ! பெருசு வந்துடுச்சு! ஓடுங்க!"

கிறீச்சிட்டுக்கொண்டு பிள்ளைகள் சிதறினார்கள். சைக்கிள் ஒன்று சாய்ந்தது. கடுகு மட்டும் அசையாமல் நின்று அம்மாவின் வாயைப் பார்த்தாள், முதல்முறை பார்ப்பதுபோல. பெரியவள் ஓரடி முன்னால் வைத்து, கையை நீட்டினாள்.

ஓடிக்கொண்டிருந்த ரெட்டைச் சடைக்காரி பாதியில் திரும்பி வந்து கடுகின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "வாடி! நிக்கற! புடிச்சுடும்!"

கடுகு ஓடினாள்.

தன் பெண் ஓடி அவள் பார்த்ததே இல்லை. முழங்கால் இடிக்க, கால் பின்ன, சிரித்துக்கொண்டே, அம்மாவை விட்டு ஓடினாள். பெரியவள் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள். பிள்ளை பயந்து ஓடுகிறதா, மகிழ்ந்து ஓடுகிறதா? அழலாமா, கைதட்டலாமா? ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. துரத்தாவிட்டால் இந்த விளையாட்டு இங்கேயே முடிந்துவிடும்.

செருப்பை உதறினாள்.

"அம்மாடி, அதை அழிச்சுடும்மா" என்று கணவர் மாடியைப் பார்த்துக் கெஞ்சுவது பின்னால் கேட்டது.

"அனுப்பிட்டேனே அங்கிள்!"

அதுவும் காதில் விழுந்தது. நிற்க முடியவில்லை. வெறுங்காலோடு ஓடினாள். முன்னால் தெருமுனையில் கடுகு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அம்மா துரத்தி வருகிறாளா என்று.